200 ரூபாய் நாடாவுக்கு 41,300 ரூபாய் எஸ்டிமேட்: எது கூலி, எது அநியாயம்?

கோவில்பட்டியில் கல்யாண போட்டோ எடுக்கும் ஒரு தம்பியின் கேள்வி இது. 24-70 எஃப் 2.8 ஜூம் லென்ஸ். கடன் போட்டு 1,85,000 ரூபாய்க்கு வாங்கியது. வாங்கி மூன்று வருடம் ஆகப்போகிறது, வாரண்டி முடிந்து பதினொரு மாதம். போன முகூர்த்தத்தில் தாலி கட்டும் நேரத்தில் லென்ஸோடு தொடர்பு சரியில்லை என்று திரையில் காட்டிவிட்டுக் கேமரா நின்றுவிட்டது. ஆஃப் செய்து ஆன் செய்தால் ஓடுகிறது, கொஞ்ச நேரத்தில் மறுபடி நிற்கிறது. சர்வீஸ் சென்டரில் கொடுத்திருக்கிறார். உள்ளே ஃப்ளெக்ஸ் நாடா போய்விட்டது, அப்பர்ச்சர் யூனிட்டையே (ஒளி நுழையும் துளையைச் சுருக்கி விரிக்கும் பகுதி) மாற்ற வேண்டும் என்று 41,300 ரூபாய்க்கு எஸ்டிமேட் வந்திருக்கிறது. "அந்த நாடா ஆன்லைனில் 200 ரூபாய்க்குக் கிடைக்கிறதே அண்ணா, இது பகல் கொள்ளை இல்லையா? கொடுப்பதா, வெளியில் பார்ப்பதா? சட்டப்படி ஏதாவது செய்ய முடியுமா?" என்று கேட்கிறார்.

தம்பி, நான் ஒன்பது வருடம் ஒரு நிறுவனத்தின் சர்வீஸ் சென்டரில் லென்ஸ் பெஞ்சில் இருந்தவன். இப்போது பன்னிரண்டு வருடமாகச் சொந்தக் கடை. இதே மாதிரி எஸ்டிமேட்டுகளை என் கையாலேயே எழுதியிருக்கிறேன். அதைக் கையில் வைத்துக்கொண்டு வயிறெரிந்து வருகிறவர்களையும் தினம் பார்க்கிறேன். உங்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்த 41,300 முழுவதும் கொள்ளை இல்லை. ஒரு பகுதி நியாயமான கூலி. இன்னொரு பகுதி, உங்கள் தலையில் கட்ட வேண்டிய அவசியமே இல்லாத செலவு. எது எது என்று பிரித்துப் பார்த்துவிட்டால் என்ன செய்வது என்பது தெளிவாகிவிடும்.

முதலில் அந்த நாடாவைப் பற்றி. ஜூம் வளையத்தைத் திருப்பும்போது உள்ளே கண்ணாடிக் கூட்டங்கள் முன்னும் பின்னும் நகர்கின்றன. அப்பர்ச்சர் பிளேடுகளும் அவற்றை அசைக்கும் குட்டி மோட்டாரும் அதில் ஒரு கூட்டத்தோடு சேர்ந்தே போய்வருகின்றன. லென்ஸைக் கேமராவில் மாட்டும் மவுண்ட் பக்கம் இருக்கும் போர்டு அசையாது. ஓடுகிற ஒன்றுக்கும் அசையாத ஒன்றுக்கும் நடுவே மின்சாரம் போக வேண்டும். அந்தப் பாலம்தான் ஃப்ளெக்ஸ்: தேன் நிறத்தில், எண்ணெய்த் தாள் மாதிரி மெல்லிசான பாலிஇமைடு பிளாஸ்டிக், அதற்குள் செப்புக் கோடுகள். ஒவ்வொரு முறை ஜூம் செய்யும்போதும் அது ஒரே பாதையில் மடங்கி நிமிர்கிறது. கட்டுக்கம்பியை வளைத்து வளைத்தே ஒடிப்போமே, அதே கதைதான். ஸ்டூடியோவில் 50-ல் வைத்துவிட்டு நாள் முழுக்க எடுப்பவரின் லென்ஸ் பத்து வருடம் தாங்கும். கல்யாணம் எடுக்கிற உங்களுக்குக் காலையிலிருந்து பந்தி முடியும் வரை அந்த வளையம் ஓயாது.

போன மாதம் இதே பழுதோடு வந்த ஒரு லென்ஸைத் திறந்து நாடாவை வெளியே எடுத்தேன். வெறும் கண்ணுக்குப் புதுசு மாதிரி இருந்தது. லூப்பை (பெரிதாக்கிக் காட்டும் சிறு கண்ணாடி) வைத்து, விளக்கைச் சாய்த்துப் பிடித்தபோதுதான் தெரிந்தது: மடிப்பு விழும் இடத்தில், ஓரத்துச் செப்புக் கோட்டில் மட்டும், தலைமுடியைவிட மெல்லிசாக ஒரு குறுக்குக் கீறல். நாடாவை மேஜையில் நேராகப் படுக்க வைத்து மீட்டர் முனைகளை வைத்தால் பீப் என்று சத்தம் வருகிறது. பேனாவின் மேல் சுற்றி வளைத்தால் சத்தம் நின்றுவிடுகிறது. நேராக்கினால் மறுபடி பீப். உங்கள் கேமரா ஒரு நேரம் ஓடி ஒரு நேரம் நிற்பதற்குக் காரணம் இதுதான். ஜூம் ஒரு இடத்தில் இருக்கும்போது வெடிப்பு ஒட்டிக்கொள்கிறது, இன்னொரு இடத்தில் பிரிகிறது.

இதை வீட்டிலேயே உறுதி செய்யலாம். சர்வீஸ் சென்டர் சொன்னதை அப்படியே நம்ப வேண்டியதில்லை. ரிப்பேருக்குச் சம்மதம் சொல்லுமுன் லென்ஸைத் திருப்பி வாங்கி, மேனுவல் மோடில் எஃப் 2.8 வைத்து 24, 35, 50, 70 நான்கிலும் இருபது இருபது படம் எடுங்கள். அப்புறம் எஃப் 11-க்கு மாற்றி அதே மாதிரி எடுங்கள். 2.8-ல் பிளேடுகள் முழுதாகத் திறந்தே இருக்கும், அசைய வேண்டியதில்லை. அதனால் 2.8-ல் ஒழுங்காக ஓடி, 11-ல் மட்டும், அதுவும் குறிப்பிட்ட ஜூம் தூரத்தில் மட்டும் நின்றால் அப்பர்ச்சர் நாடாதான். இரண்டிலும் நின்றால் பிரச்சினை வேறு இடத்தில் இருக்கிறது. அப்படியானால் முதல் வேலையாக மவுண்டில் இருக்கும் தங்க முலாம் பூசிய தொடுமுனைகளை ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்ட மென்துணியால் துடைத்துப் பாருங்கள். வியர்வை உப்பு படிந்து, லென்ஸ் போய்விட்டது என்று வந்தவர்களுக்குக் காசு வாங்காமல் துடைத்துக் கொடுத்து அனுப்பியிருக்கிறேன்.

சரி, இப்போது பில்லுக்கு வருவோம். நீங்கள் அனுப்பிய கணக்கில் பார்ட்ஸ் 24,500, லேபர் 10,500, அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 6,300.

எல்லாருக்கும் கோபம் லேபர் மேல்தான் வருகிறது. நான் அதை நியாயம் என்பேன். அந்த யூனிட்டைத் தொட வேண்டுமானால் மவுண்டைக் கழற்றி, போர்டைக் கழற்றி, பின் கண்ணாடிக் கூட்டத்தை வெளியே எடுக்க வேண்டும். மவுண்டுக்கு அடியில் மெல்லிய உலோகத் தகடுகள் இருக்கும், ஷிம் என்போம். அந்த ஒரு லென்ஸுக்கென்று ஃபேக்டரியில் அளந்து வைத்தவை. ஒன்று இடம் மாறினாலும் ஃபோகஸ் தள்ளிப் போகும். சில கண்ணாடிகள் மையம் விலகாமல் இருக்க மையம் தள்ளிய உருளைகளால் பிடிக்கப்பட்டிருக்கும். கழற்றுவதற்கு முன் அவை எந்தக் கோணத்தில் நிற்கின்றன என்று ஊசியால் குறித்துக்கொள்ள வேண்டும். 45 மெகாபிக்சல் ஃபுல் ஃப்ரேம் சென்சாரில் ஒரு பிக்சலின் அகலம் சுமார் 4.4 மைக்ரான். ஒரு மில்லிமீட்டரில் அப்படி இருநூறுக்கு மேல் அடங்கும். அந்தக் கணக்குக்குக் கண்ணாடியைத் திரும்ப உட்கார வைக்க வேண்டும் தம்பி. அவசரமாகப் பூட்டினால் படத்தின் இடது ஓரம் பளிச்சென்றும் வலது ஓரம் மசமச என்றும் வரும். முடித்த பிறகு சார்ட்டில் பார்த்து, நிறுவனத்தின் மென்பொருளில் மாட்டித் திருத்தமும் எழுத வேண்டும். அரை நாள் வேலை. இரண்டு லட்ச ரூபாய்ப் பொருளின் பொறுப்பை ஏற்று அரை நாள் உட்காருகிறவருக்கு அந்தக் கூலி தகும்.

என் வயிறு எரிவது பார்ட்ஸ் வரியைப் பார்த்துத்தான். போனது நாடா. பிளேடுகள் நன்றாக இருக்கின்றன, மோட்டார் நன்றாக இருக்கிறது. ஆனால் பார்ட்ஸ் பட்டியலில் நாடா தனியாகக் கிடையாது. பிளேடு, மோட்டார், நாடா மூன்றும் சேர்ந்து ஒரே எண், ஒரே விலை. சர்வீஸ் சென்டர் பையன் நினைத்தாலும் நாடாவை மட்டும் வரவழைக்க முடியாது, அவன் திரையில் அப்படி ஒரு வரியே இல்லை. மடங்கி மடங்கிச் சீக்கிரம் தேயக்கூடிய பொருளை, அவ்வளவு சீக்கிரம் தேயாத பொருள்களோடு சேர்த்துப் பூட்டி விற்பது வடிவமைப்பு மேஜையில் எடுத்த முடிவு. பைக்கில் கிளட்ச் கேபிள் அறுந்ததற்கு இன்ஜினை மாற்றச் சொன்னால் ஊரே கூடி நியாயம் கேட்கும். கேமரா விஷயத்தில் தலையாட்டிவிட்டுப் பணம் கட்டுகிறோம்.

கேமரா பாடிகளில் இன்னும் மோசம். படத்தை வெளித் திரைக்கு அனுப்பும் மைக்ரோ எச்டிஎம்ஐ சாக்கெட் என்று நகம் அளவில் ஒன்று இருக்கிறதே, அதில் 19 முனைகள். வீடியோக்காரர் கேபிளில் கால் தட்டினால் சாக்கெட் ஆடிவிடும். அந்தச் சாக்கெட் மெயின் போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருந்தால் சர்வீஸ் சென்டர் எஸ்டிமேட்டில் மெயின் போர்டு என்றுதான் வரும். நிறுவனங்களுக்கும் இது தெரியும். கேனான் ஆர்5-ல் மைக்ரோ சாக்கெட் வைத்துவிட்டுக் கேபிளைப் பிடித்துக்கொள்ள ஒரு பிளாஸ்டிக் காப்பையும் பெட்டியில் போட்டுத் தந்தார்கள். அடுத்து வந்த ஆர்5 மார்க் 2-ல் முழு அளவு சாக்கெட்டே வந்துவிட்டது. சோனி ஏ7 மார்க் 3-லிருந்து மார்க் 4-க்குப் போனபோதும் இதே மாற்றம். முதலிலேயே பெரிதாக வைத்திருந்தால் எத்தனை பேரின் போர்டு பிழைத்திருக்கும்!

வெளியில் இருக்கும் மெக்கானிக்குக்குப் பார்ட்ஸ் கிடைப்பதும் வருடா வருடம் சுருங்கிக்கொண்டே வருகிறது. அமெரிக்காவில் நிக்கான் 2012-ல் தனியார் மெக்கானிக்குகளுக்குப் பார்ட்ஸ் விற்பதை நிறுத்தியது. அங்கே அங்கீகாரம் பெற்ற கடைகள் கொஞ்சம் மிச்சம் இருந்தன. அவற்றின் ஒப்பந்தமும் 2020 மார்ச்சோடு முடிந்தது. மேலிருந்து கதவு சாத்தப்படும்போது என்னைப் போன்றவர்கள் உடைந்த லென்ஸ்களை வாங்கிப் பிரித்து, அதிலிருந்து உதிரி எடுத்து ஓட்டுகிறோம். நீங்கள் பார்த்த 200 ரூபாய் நாடா சீனாவில் நகலாகச் செய்யப்படுவது. டெல்லி சாந்தினி சவுக் கேமரா சந்தையிலும் கிடைக்கிறது. சிலது நன்றாக இருக்கும். சிலது தடிமன் கூடிப்போய், மடிப்பில் விறைத்து நின்று ஆறே மாதத்தில் அறுந்துவிடும். பார்த்ததும் கண்டுபிடிக்கிற மாதிரி வித்தியாசம் தெரியாது, அதுதான் சிக்கல்.

நிறுவனங்கள் ஒருபோதும் இறங்கி வராது என்று நினைத்துவிடாதீர்கள். நிக்கான் டி600 கேமரா ஞாபகம் இருக்கிறதா? 2012 செப்டம்பரில் வந்தது. சென்சார் மேல் புள்ளி புள்ளியாகத் தூசியும் எண்ணெய்த் துளியும் விழுகிறது என்று வாங்கினவர்கள் படத்தோடு எழுதிக்கொண்டே இருந்தார்கள். 2013 அக்டோபரில் டி610 வந்தது. அதற்கும் பிறகு, 2014 பிப்ரவரியில்தான், வாரண்டி முடிந்திருந்தாலும் ஷட்டர் உட்பட இலவசமாக மாற்றித் தருகிறோம் என்று நிக்கான் அறிவித்தது. லைக்கா எம்9 கதையும் இதே மாதிரி. 2009-ல் வந்த விலை உயர்ந்த பாடி. சென்சார் மேல் மூடியிருக்கும் மெல்லிய கண்ணாடி அரித்துப் படத்தில் புள்ளி புள்ளியாக விழுந்தது. கண்ணாடி ஒரு தபால் தலை அளவுதான், ஆனால் மாற்ற வேண்டியது சென்சாரையே. லைக்கா தவற்றை ஒப்புக்கொண்டு இலவசமாக மாற்றியது. 2017-க்குப் பிறகு பழைய பாடிகளுக்கு அந்தச் சலுகையை நிறுத்திவிட்டது. சீக்கிரம் போய்க் கேட்டவருக்குக் கிடைத்தது, தள்ளிப்போட்டவருக்குக் கைவிட்டுப் போனது.

அதனால் பணம் கட்டுவதற்கு முன், உங்கள் லென்ஸின் மாடலுக்கும் சீரியல் நம்பருக்கும் சர்வீஸ் அறிவிப்பு ஏதாவது இருக்கிறதா என்று அந்த நிறுவனத்தின் உலகத் தளத்தில் தேடுங்கள். இந்தியத் தளத்தோடு நிறுத்திவிட வேண்டாம். இல்லையென்றாலும், சர்வீஸ் சென்டர் கவுண்டரில் சண்டை போடாமல் கம்பெனியின் வாடிக்கையாளர் பிரிவுக்கு நேரடியாக மெயில் போடுங்கள். கவுண்டரில் இருப்பவருக்கு விலையைக் குறைக்கும் அதிகாரம் இல்லை. வாங்கிய பில், சீரியல் நம்பர், லென்ஸ் கீழே விழவில்லை என்பதைக் காட்ட நான்கு பக்கமும் எடுத்த படம், எஸ்டிமேட் நகல் எல்லாம் வைத்து, "கீழே விழாமல், தண்ணீர் படாமல், சாதாரண உபயோகத்தில் உள் நாடா அறுந்திருக்கிறது. வாரண்டி முடிந்து பதினொரு மாதம்தான். பார்ட்ஸ் விலையை நிறுவனம் ஏற்றுக்கொள்ள வேண்டுகிறேன்" என்று மரியாதையாகவும் அழுத்தமாகவும் எழுதுங்கள். நான் உள்ளே இருந்த காலத்தில் இப்படி வந்த கடிதங்களுக்குப் பார்ட்ஸ் விலையில் பாதி தள்ளுபடி ஆனதைப் பார்த்திருக்கிறேன். கவுண்டரில் கத்தியவர்களுக்கு ஒன்றும் ஆனதில்லை. கேட்காதவர்களுக்கும்தான்.

சட்டத்தைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். ரிப்பேர் விலை அதிகம் என்பது மட்டுமே நுகர்வோர் வழக்கு ஆகாது. ஆனால் சர்வீஸுக்குக் கொடுத்த இடத்தில் கீறல் விழுந்தது, மாதக்கணக்கில் இழுத்தடித்தார்கள், சரி செய்த பழுதே மறுபடி வந்தது என்றால் அது சேவைக் குறைபாடு. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம், இரண்டு வருடத்துக்குள். பொருளின் விலை 5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் கிடையாது. அதற்கு முன் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு போன் போட்டுப் பதிவு செய்தால் பல நேரம் அந்தக் கட்டத்திலேயே கம்பெனி பேச வந்துவிடும். மத்திய அரசு 2022-ல் பழுதுபார்க்கும் உரிமைக்கென்று ஒரு குழு போட்டு, அந்த வருடக் கடைசியில் ஒரு தளமும் தொடங்கியது. விவசாயக் கருவி, மொபைல், வீட்டு உபயோகப் பொருள், வாகனம் என்று நான்கு துறைகளை எடுத்தார்கள். கேமராவுக்கென்று தனித் துறை அதில் இல்லை. நம் தொழில் சங்கங்கள் கேட்க வேண்டிய முதல் கோரிக்கை இதுதான் என்று நான் கூட்டத்துக்குக் கூட்டம் சொல்லி வருகிறேன்.

இனி வெளியில் கொடுக்கலாமா என்ற கேள்வி. எந்தப் பழுது என்பதைப் பொறுத்தது. கிரிப் ரப்பர் வியர்வையில் ஊதிப் பிரிந்துவிட்டது, ஜூம் ரப்பர் தளர்ந்துவிட்டது, பேட்டரிக் கதவு உடைந்தது, ஃப்ளாஷ் மாட்டும் ஹாட் ஷூ ஆடுகிறது: இதற்கெல்லாம் சர்வீஸ் சென்டர் வாசலை மிதிக்கவே வேண்டாம். எச்டிஎம்ஐ, யுஎஸ்பி சாக்கெட்டுக்கு மொபைல் போர்டு வேலையில் கைதேர்ந்த ஒருவரைப் பிடியுங்கள். சென்னை ரிச்சி தெருவில் மைக்ராஸ்கோப்புக்குக் கீழே அந்த வேலையைப் பூ கட்டுகிற மாதிரி செய்கிறவர்கள் இருக்கிறார்கள். மெயின் போர்டு விலையில் ஒரு துளிதான் ஆகும். ஆனால் பாடியைப் பிரித்து அவர் கையில் போர்டைத் தர ஒரு கேமரா மெக்கானிக் கூட இருக்க வேண்டும். அப்பர்ச்சர், கை நடுக்கத்தைத் தணிக்கும் ஸ்டெபிலைசர், சென்சார் அடுக்கு இவற்றுக்கு மட்டும் நான் கண்டிப்பாக இருப்பேன். வெளியில் கொடுப்பதென்றால், இதே மாடலை முன்பு திறந்திருக்கிறாரா, முடிந்ததும் எதை வைத்து ஓரங்களைச் சரிபார்ப்பார் என்று கேளுங்கள். அவர் பெஞ்சையும் ஒரு பார்வை பாருங்கள். ஜப்பான் லென்ஸ்களில் இருப்பது ஜேஐஎஸ் (ஜப்பான் தொழில் தர அளவு) ஸ்க்ரூ. பார்க்க நட்சத்திரத் தலை மாதிரி இருக்கும், ஆனால் சாதாரண ஸ்க்ரூ டிரைவர் போட்டால் வழுக்கித் தலை மழுங்கிவிடும். பெஞ்சில் ஜேஐஎஸ் டிரைவர் செட் இல்லை என்றால் லென்ஸைத் திருப்பி வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

உங்கள் விஷயத்தில் என் முடிவு இது. ரிப்பேர் செலவைப் புது விலையோடு ஒப்பிடாதீர்கள், செகண்ட் ஹேண்ட் விலையோடு ஒப்பிடுங்கள். இந்த ரக லென்ஸ் நல்ல நிலையில் என் கடைக்கு வந்தால் ஒரு லட்சத்துக்குக் குறையாமல் போகிறது. பழுதோடு வந்தால் 40,000-க்கு மேல் யாரும் கேட்பதில்லை. 41,300 போட்டால் ஒரு லட்ச ரூபாய்ப் பொருள் கையில் நிற்கும். இன்னும் நான்கைந்து வருடம் சோறு போடும். அதனால் மெயில் போட்டுப் பத்து நாள் பொறுத்துப் பாருங்கள். தள்ளுபடி வந்தால் நல்லது, வராவிட்டாலும் சர்வீஸ் சென்டரிலேயே செய்யுங்கள். இதே பழுது பத்து வருடப் பழைய லென்ஸில், செகண்ட் ஹேண்டில் 25,000 போகிற ஒன்றில் வந்திருந்தால் என் பதில் வேறு: வெளியில் 5,000, 6,000-க்குள் நாடாவை மாற்றி ஓட்டுங்கள் என்றிருப்பேன். வரும் ஆடி மாதத்தில் முகூர்த்தம் இல்லாத நாளாகப் பார்த்துக் கொடுங்கள். நான் சொன்ன சோதனையில் 2.8-ல் நிற்காமல் ஓடியிருந்தால், அதுவரை அவசரத்துக்கு எஃப் 2.8-லேயே வைத்து எடுக்கலாம். குரூப் போட்டோவுக்கு மட்டும் வேறு லென்ஸ் இரவல் வாங்கிக்கொள்ளுங்கள், 2.8-ல் பின் வரிசை முகங்கள் ஃபோகஸில் நிற்காது.

சம்மதம் சொல்வதற்கு முன் இரண்டு விஷயத்தை எழுத்தில் வாங்குங்கள். மாற்றப்போகும் பார்ட்டின் பெயரும் எண்ணும் ஒன்று, கழற்றிய பழைய யூனிட் உங்களிடம் திரும்ப வர வேண்டும் என்பது இன்னொன்று. பழைய யூனிட் கையில் இருந்தால், மாற்றாமல் மாற்றியதாகச் சொல்ல முடியாது. செய்த வேலைக்கு எத்தனை மாதம் உத்தரவாதம் என்பதும் பில்லிலேயே இருக்க வேண்டும்.

லென்ஸ் திரும்பி வந்த அன்று கவுண்டரை விட்டு நகராதீர்கள். பாடியைக் கையோடு கொண்டுபோங்கள். தினத்தாள் ஒன்றைச் சுவரில் விரித்து ஒட்டி, நேர் எதிரே நின்று, 24, 35, 50, 70-ல் எஃப் 2.8-லும் 8-லும் எடுத்து, நான்கு மூலை எழுத்தையும் பெரிதாக்கிப் பாருங்கள். நான்கும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். ஒரு மூலை மட்டும் மங்கலாக இருந்தால் கண்ணாடி சாய்ந்து உட்கார்ந்திருக்கிறது. அந்த இடத்திலேயே படத்தைக் காட்டித் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், வீட்டுக்குப் போன பிறகு சொன்னால் நீங்கள் கீழே போட்டதாகிவிடும். அப்புறம் எஃப் 11-ல் ஜூமை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குத் திருப்பிக்கொண்டே ஐம்பது படம். ஒன்றிலும் நிற்கவில்லை என்றால் பணத்தைக் கட்டுங்கள்.

எஸ்டிமேட்டில் பார்ட் எண் வந்ததும் எனக்கு அனுப்பி வையுங்கள், அது அப்பர்ச்சர் யூனிட்தானா, இல்லை அதைவிடப் பெரிய கூட்டத்தையே சேர்த்து எழுதியிருக்கிறார்களா என்று பார்த்துச் சொல்கிறேன்.